கல்யாணத்துப் பிள்ளை

முருகேசா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பூவை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நான் தெருவுக்குள் நுழையும்போதே தபால்காரர் எதிரே வந்து கையில் தந்தார். "கல்யாண மாப்பிள்ளை கடுதாசியிலேயே பந்தக்கால் நட்டுருவான் போலிருக்கே" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, அடுத்த வீட்டுக் கோமதியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். இந்தப் பதிலையும் அவள்தான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்லுகிறேன், அவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். "நான் சொன்ன மாதிரியே எழுதுட்டி" என்றால், "கடிதம்னா அப்படி எழுதக் கூடாது பெரியம்மா" என்கிறாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சம்மதித்திருக்கிறாள். அவளை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மெட்ராசுக்கு வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லோரோடும் வந்துவிட்டு, நீ திரும்பிப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட பிள்ளை. இப்போது தாவணி போட்டுவிட்டாள். ஒளிகிற பழக்கம் மட்டும் போகவில்லை. போன வருஷம் ஒன்பதாவதில் பாதியில் நின்றுவிட்டாள். இப்போது என்னோடு பூ எடுக்க வருகிறாள்.

உன் கடிதத்தில் பாதி வரைக்கும் அவள் நன்றாகத்தான் வாசித்தாள். நீ பார்த்து வைத்திருக்கிற வாடகை வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய், மாடியில் துணி காயப்போட இடம், எல்லாம் கேட்டேன். குழாய் வரியை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. "ஏட்டி, ஏன் நிறுத்திட்ட?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியம்மா." "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி முழிக்கே? வாசி." அப்புறம்தான் மெல்ல வாசித்தாள். கல்யாணப் பத்திரிகையில் வக்கீல் ஐயா படம் போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வீட்டுக்காரம்மா "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு, "தின்னவேலிப் பக்கம்" என்று மட்டும் சொன்னாயாம். அவளாக ஏதோ நினைத்துக்கொண்டு சம்மதித்தாளாம். அவளுக்குப் பத்திரிகை கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால், மேலே இருக்கிற படம் யார் என்று கேட்பாள். அவர் யார் என்று தெரிந்தால் நாம் யார் என்று தெரிந்துவிடும். "கல்யாணமாகி வருகிறவளை நான் எங்கே கூட்டிக்கொண்டு போவேன் அம்மா" என்று முடித்திருந்தாய்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ பயந்து எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாத பயம் இல்லை. உனக்கு நாலு வயதில் உன் அப்பாவை ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரருடைய சம்சாரம் என்னோடு நன்றாகப் பேசுவாள். ஒரு நாள், "சங்கரன்கோவில்ல எந்தத் தெரு?" என்று கேட்டாள். நான் சட்டென்று, "கோயில் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம வீட்டுல இருந்து கோயில் ரொம்பத் தூரம்லா?" என்றாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். நீ அழுதாய். அவள் தன் டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்து உனக்குக் கொடுத்தாள். அந்த முறுக்கை நீ தின்று முடிக்கிற வரைக்கும், இன்னும் என்ன சொல்லிவிடுவாயோ என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நீ "தின்னவேலிப் பக்கம்" என்று சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் மகன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ கடிதம் எழுதிய நேரத்தில் பத்திரிகையில் ஐயா படம் அடிக்கிற பிளாக் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. போன தை மாதம் கல்யாணம் முடித்த மாரியப்பனும் அவன் பெண்டாட்டியும் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தெருவே கூட வந்தது. தகட்டில் எடுத்து மரக்கட்டையில் அறைந்த அதே பழைய பிளாக்தான். மஞ்சள் துணியைப் பிரித்தால் மை வாடை அடிக்கிறது. கறுப்புக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக ஐயா தலைகீழாகப் படுத்திருந்தார். நான் நேராக்கி வாங்கிக்கொண்டேன். வழக்கப்படி, தங்கள் கல்யாணத்துக்காகப் படிக்க வைக்க எடுத்திருக்கிற கல்யாணத்துப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதை மாரியப்பன் பெண்டாட்டி எல்லோர் முன்னாலும் சொன்னாள். "எங்க பிள்ளை இசக்கியக்கா மக. ஒண்ணாவது பாஸாயிட்டா. ஸ்லேட்டா வாங்கி மாளல. எல்லாத்தையும் உடைச்சுட்டு வாரா. இப்பத் தகரத்துல வாங்கிக் குடுத்திருக்கோம்" என்றாள். "அத வச்சு அடுத்தவன் மண்டைய உடைக்கப் போறா" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சின்னக்குட்டியும் சிரித்தது. அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முருகேசன் வீட்டுப் பிள்ளை யாரு?" என்று கேட்டார்கள். "அவன் வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் கோமதியையும் கூட்டிக்கொண்டு அச்சாபீசுக்குப் போனேன். அச்சாபீஸ் அண்ணாச்சி பிளாக்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போன தடவ கண்ணாடி ரெண்டுலயும் மை அப்பி, ஐயா கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி விழுந்துட்டாரு. புதுசா ஒண்ணு எடுத்துருங்கன்னா உங்க தெருவுல கேக்க மாட்டீங்க" என்றார். நான் உன் கடிதத்தைப் பற்றி அரையும் குறையுமாகச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இதுக்கா முகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? உங்க தெருவுக்குப் படத்தோட அடிப்போம். மெட்ராசுக்குப் படத்த எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு குத்துவிளக்க வைப்போம். எல்லாருக்கும் சந்தோசம். எத்தன வீட்டுக்கு இப்படி அடிச்சுக் குடுத்திருக்கேன்!" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். தெரு முக்கு வந்ததும் கோமதி, "பெரியம்மா, அண்ணன் பெட்டியில எந்தப் பத்திரிகைய வைப்பாவ?" என்று கேட்டாள். அவளாக வாய் திறந்து கேட்பதே அபூர்வம். நாளைக்கு உன் பிள்ளை பெட்டியைக் குடைந்து எதை எடுத்துப் பார்க்கும்? நீ யோசித்துப் பார். நானும் அதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சண்முகத்தாய் சித்தியின் கல்யாணம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உனக்குப் பதினோரு வயது இருக்கும். உன் அப்பா லாரியில் மூட்டை ஏற்றப் போய் முதுகு பிடித்துப் படுத்த வருஷம் அது. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவ விட்டிருந்தேன். கல்யாணத்துக்கு வக்கீல் ஐயா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை முத்தையா கொத்து வேலைக்குப் போகிறவன். ஆசைக்கு ஒரு பத்திரிகையைத் தபாலில் போட்டிருந்தான். அவர் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த வெயிலில் கோட்டோடு தெருவுக்குள் நடந்து வந்தார். நம் ஆட்களுக்கு ஓட்டலில் தனி டம்ளர், தெருவுக்குள் செருப்பு போடக் கூடாது என்று இருந்த காலத்தில் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினவர். கல்லெறி பட்டவர். நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கும், பிளாக்கில் அது விழவில்லை. அவரைப் பார்த்ததும் நாற்காலிக்கு ஒருத்தன் ஓடினான், மாலைக்கு ஒருத்தன் ஓடினான். மணவடையில் இருந்த மாப்பிள்ளையே எழுந்துவிட்டான். "நீ உக்காரு வே, இன்னைக்கு நீதான் பெரிய ஆளு" என்று அவர்தான் அவனை உட்கார வைத்தார்.

அவருக்கு மோர் கொடுத்தது நீ. டம்ளரை வாங்கும்போது அவர் உன் விரல்களைப் பார்த்துவிட்டார். தண்ணீரிலேயே கிடந்து வெளுத்துச் சுருங்கின விரல்கள். "ஏன்லே கை இப்படி ஊறிப்போயிருக்கு?" என்றார். நீ பெருமையாக, "டீக்கடையில கிளாஸ் கழுவுதேன்" என்றாய். எந்தக் கடை என்று கேட்டார். சொன்னாய். அவர் மோரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "அந்தக் கடையில நம்ம ஆளுக கிளாசுல டீ குடிக்கணும்னு நாலு வருசம் கேஸ் நடத்துனேன். ஜெயிச்சது இவன் உக்காந்து கழுவதுக்கா?" என்றார். அவர் முத்தையாவையும் சண்முகத்தாயையும் பார்த்து, "எனக்கு மாலை வேண்டாம். எனக்குன்னு எதுவும் செய்யணும்னு நினைச்சா, இந்தப் பையனை உங்க கல்யாணத்துப் பிள்ளைன்னு நினைச்சுக்கிடுங்க. அவன் பள்ளிக்கூடம் போகணும்" என்றார். பொம்பளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏளா சண்முகத்தாயி, தாலி கட்டின கையோட பதினோரு வயசுப் பிள்ளை! உனக்குப் பேறுகாலச் செலவு மிச்சம்" என்று ஒருத்தி சொன்னாள். சண்முகத்தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். இவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார், என் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்று நினைத்தேன். அதைச் சண்முகத்தாயிடம் வாய்விட்டே சொன்னேன். மறு வாரமே அவள் என்னைப் பூக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் வேலை பார்க்கிற இடத்திலேயே சேர்த்துவிட்டாள். "அவன் கிளாஸ் கழுவிக் கொண்டாரத நீங்க பூவா எடுத்துருங்க அக்கா" என்றாள். முத்தையா உனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தான். கிளம்பும்போது ஐயா சொன்ன இன்னொன்றும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இந்தத் தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் எனக்கு ஒரு பத்திரிகை போட்டுருங்க. கட்டாயம் வருவேன்" என்றார். இரண்டு மூன்று கல்யாணங்களுக்கு வரவும் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையைக் காட்டிவிட்டுப் போனார்.

நீ பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே, இனிமேல் போக மாட்டேன் என்று பூக்காட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாய். என்னிடம் காரணம் சொல்லவில்லை. சித்திதான் உன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டாள். "எய்யா, யாரும் அடிச்சானா?" "இல்ல." "வைதானா?" "யாரும் ஒண்ணும் சொல்லல. ஸ்காலர்ஷிப்புக்குப் பேரு எடுக்கதுக்கு எந்திரிக்கச் சொல்லுதாவ. எங்க வகுப்புல நான் ஒருத்தன்தான்." "எந்திரிச்சா என்ன, காலா வலிக்கி?" "எல்லாவனும் திரும்பிப் பாக்கானுவ. எங்கூடப் புளியங்கா திங்கவன் இப்பத் தள்ளி உக்காருதான்." அவள் விட்டுவிடவில்லை. "என்னையும்தான் மணவடையில வச்சு ஊரே பாத்துச்சு. நான் என்ன செத்தா போனேன்?" என்றாள். நீ அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ரெண்டு பேரு இருந்தீய" என்றாய். அவள் கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டாள். அப்புறம், "சரி. அப்ப நாமளும் ரெண்டு பேராயிருவோம்" என்றாள்.

அடுத்த தடவை பேர் எடுத்த அன்றைக்கு அவள் பூக்கூடையோடு பள்ளிக்கூடத்துச் சுவரோரம், அந்தப் புங்கை மரத்தடியில் போய் நின்றாள். உன் வகுப்பு ஜன்னலுக்கு நேரே. காவலாளி வந்து, "யாரும்மா? என்ன வேணும்?" என்று கேட்டானாம். "ஒண்ணும் வேண்டாம். நிக்கேன்" என்றாளாம். "நிக்கதுக்கு வேற எடம் கெடைக்கலையா?" "எம் பிள்ளை உள்ள நிக்கான். நான் வெளிய நிக்கேன். உமக்கு என்ன வே நட்டம்?" கல்யாணமாகி ஆறு மாதம் ஆகாத சின்னப்பிள்ளை அவள். அவன் ஒன்றும் புரியாமல் போய்விட்டான். நீ எழுந்து நின்று ஜன்னல் வழியே பார்த்தாய், அவள் நின்றாள். நீ உட்கார்ந்த பிறகுதான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேர் எடுக்கிற நாளெல்லாம் அவள் போய் நின்றாள். அவளுக்கு வயிற்றில் பிள்ளை உண்டானபோது முத்தையா காலெல்லாம் சிமெண்டோடு போய் நின்றான். ஒரு வருஷம் கழித்து நீயே, "சித்தி, இனும வராண்டாம். நானே நின்னுக்கிடுவேன்" என்று சொன்னாய். அன்றைக்கு அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததை நான் பார்த்தேன். தள்ளி உட்கார்ந்த அந்தப் பயலும் பிறகு பக்கத்தில் வந்துவிட்டான் என்று நீதான் சொன்னாய். உன் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்களில் அவன் பெயரும் இருக்கிறது.

இந்த இடத்தில் கோமதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் சொல்லிக்கொண்டே போகிறேன், பேனா ஓடுகிற சத்தத்தைக் காணோம். "என்னட்டி, மை தீந்துட்டா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம், "பெரியம்மா, எங்க வகுப்புல மொதல்ல நாங்க ரெண்டு பேரு இருந்தோம். அவ கல்யாணமாகி ராயகிரிக்குப் போயிட்டா. அதுக்குப் பெறவு நான் மட்டுந்தான் எந்திரிக்கணும்" என்றாள். "அதுக்கா நின்ன?" என்றேன். குனிந்தபடியே தலையாட்டினாள். அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி, பூ எடுக்க ஆள் வேண்டும் என்றுதான் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் என் பக்கத்துப் பாத்தியில் குனிந்து மல்லிகை எடுக்கிற பிள்ளை, இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இதை எழுத வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். "அவன் யாரு, வேத்தாளா? அவனும் அதே ஜன்னலுக்குள்ள நின்னவன்தான்" என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

ஐயா இறந்தபோது நீ ஒன்பதாவது படித்தாய். திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்த மறுநாள், தெரு முக்கில் சிலை வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்கள். முத்தையாதான், "சிலை வச்சா காக்கா உக்காரும். வருசத்துக்கு ஒரு நாள் நாம ஏணி போட்டு ஏறி மாலை போடுவோம். அவரு கல்யாணத்துக்கு வாரேன்னு சொன்ன மனுசன். கல்யாணத்துக்கே கூப்பிடுவோம்" என்றான். அப்படித்தான் இந்த பிளாக் வந்தது. படம் பத்திரிகையில் ஏறினால் அவர் கல்யாணத்துக்கு வந்ததாகக் கணக்கு. வந்தவர் ஒரு பிள்ளையைக் காட்டாமல் போக மாட்டார் இல்லையா? அதனால்தான் படம் போட்ட வீடு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. இதுவரை படத்தை விட்ட வீடு எதுவும் இல்லை.

இப்போது நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். படத்தைப் போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். உன் பெண்டாட்டியோடு அந்த வீட்டில் இருக்கப் போகிறவன் நீ. குழாய்த் தண்ணீர் உனக்குக் கிடைக்காமல் போனால் நான் இங்கிருந்து சுமந்துகொண்டு வர முடியாது. நீ வேண்டாம் என்று எழுதினால், தெருவில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். ஆனால் இரண்டு விதமாக அடிக்க மாட்டேன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகைதான். படம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் குத்துவிளக்கும் வேண்டாம், வெறுமையாக இருக்கட்டும். அண்ணாச்சியிடம் அப்படியே சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் பதில் வராது என்று தெரியும், அவரை அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று மட்டும் நினைத்துக்கொள். "தின்னவேலிப் பக்கம்" என்று சொல்லி வாங்கின சாவியை நீ எத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருப்பாய்? நீ ஒரு முறுக்கு தின்று முடிக்கிற நேரத்துக்குள்ளேயே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ இருக்கப் போவது வீடு. மருமகளிடமும் கேள். வாசுதேவநல்லூர்க்காரி, வாய் திறந்து பேசுகிற பெண். அவளுக்கும் ஒரு எண்ணம் இருக்கும்.

படத்தை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். பிள்ளையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த கல்யாண வீட்டுக்கு இந்த பிளாக்கைத் தட்டில் வைத்துக் கொண்டு போகப் போகிறவள் நான். நம் வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டும். நம் கல்யாணத்துப் பிள்ளை கோமதிதான்.

இந்த வரியை எழுத அவள் படுத்தின பாட்டைக் கேள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சின்னப் பிள்ளைகளத்தான் எடுப்பாவ பெரியம்மா. நான் பனமரம் மாதிரி வளந்து நிக்கேன். எல்லாரும் சிரிப்பாவ" என்றாள். "எடுக்கது நாங்க. சிரிக்கவன் சிரிக்கட்டும். சண்முகத்தாயியப் பாத்தும்தான் சிரிச்சாவ" என்றேன். "திரும்பவும் ஒம்போதாவதுல போய் உக்காரணுமே, எல்லாம் என்னைவிடச் சின்னதுகளா இருக்குமே" என்றாள். "நல்லதாப் போச்சு. கடைசி பெஞ்சுல உக்காந்தாலும் கரும்பலகை தெரியும்" என்றேன். அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் முகத்தைத் தாவணியில் மறைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை எடுத்தாள். அவள் பெயரை அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள், மேலே பார். மற்ற எழுத்தைவிடச் சின்னதாகத்தான் எழுதியிருப்பாள், எனக்குத் தெரியும். அவள் அம்மாவிடம் இன்றைக்கே பேசுகிறேன். முழங்கால் வலிக்காரியின் பாத்தியை நானும் சண்முகத்தாயும் பார்த்துக்கொள்வோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் போய்ச் சேர்த்துவிடுவேன்.

உன்னிடம் நான் கேட்பது சட்டையும் புத்தகமும் மட்டும் இல்லை. அது நீ சொல்லாமலே செய்துவிடுவாய். ஆடி மாதம் புதுப் பெண்டாட்டியோடு எப்படியும் வாசுதேவநல்லூருக்கு விருந்துக்கு வருவாய். ஆடித் தபசுத் திருவிழா பார்க்க இங்கேயும் வருவீர்கள். தபசு முடிந்த மறு வாரம் பள்ளிக்கூடத்தில் பேர் எடுப்பார்களாம், கோமதி சொல்கிறாள். அதுவரைக்கும் லீவைக் கூட்டிப் போடு. அன்றைக்கு நீயும் மருமகளும் அந்தச் சுவரோரம் போய் நில்லுங்கள். நீ ஆபீசுக்குப் போடுகிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நில். யாராவது வந்து என்ன வேணும் என்று கேட்டால், சித்தி சொன்ன பதிலையே சொல்லு. ஐயாவுக்கு மாலை போட மறந்தாலும் பரவாயில்லை, அவருக்கு மாலை பிடிக்காது. ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. சண்முகத்தாய் சித்தி உனக்காக எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், மெட்ராசுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கோமதியும் கீழே உனக்கு ஒரு வரி எழுதுவாளாம். அதை மட்டும் எனக்கு வாசித்துக் காட்ட மாட்டாளாம். எழுதட்டும். நான் போய் அடுப்பைப் பார்க்கிறேன்.

உன் அம்மா

அண்ணனுக்கு, சுவரோரம் இருந்த புங்கை மரத்தை வெட்டிவிட்டார்கள். அங்கே இப்போது நிழல் இல்லை. வரும்போது குடை கொண்டு வரவும்.
கோமதி